ஒரு நாள் சோதனை

கை கழுவிட்டீங்கல்ல, உக்காருங்க மாப்ள. கம்ப்யூட்டர மேசை மேல வச்சாச்சுல்ல, இனி அது என் பாடு. தொடாதீங்க, தண்ணி ஒழுகி உள்ள இன்னும் ஈரம் இருக்கு. உங்க படமெல்லாம் இருக்குற டிஸ்க்கத்தான் பாக்கப் போறேன், அதுக்குள்ள டீயக் குடிங்க. தங்கச்சி புருஷன் கடைக்கு வந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்காமப் போனாருன்னு எனக்குப் பேர் வரக் கூடாது.

என்ன, அடுத்த கம்ப்யூட்டருக்குத் தண்ணிக் கூலிங் ரெடிமேடா, கையால போடுறதா? அட, இதத்தானே அன்னைக்கே சொன்னேன். கம்ப்யூட்டருக்குள்ள குழாயில தண்ணிய ஓட விட்டுச் சூட்டத் தணிக்கிறதுதான் ரெண்டும். ரெடிமேடுன்னா கம்பெனிக்காரனே எல்லாத்தையும் மூடி அனுப்பிருவான். மாட்டுனோமா, மறந்தோமான்னு இருக்கலாம். கையால போட்டா குழாய நான் வளைக்கணும், மூட்ட நான் முறுக்கணும், வருஷா வருஷம் தண்ணிய நீங்க மாத்தணும். பாத்துக்க முடியாதுன்னா ரெடிமேட் வாங்கிக்கங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?

நீங்க என்ன சொன்னீங்க? நான் பாத்துக்குவேன் மச்சான்னீங்க. எங்கயோ கேட்ட பேச்சா இருக்கேன்னு நெனச்சேன். பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாகிட்டயும் இதேதான். அவரு வெளுத்ததெல்லாம் பாலுன்னு நெனைக்கிற மனுஷன், நம்பிட்டாரு.

இருங்க, இருங்க. வெள்ளிக்கிழம படக் கம்பெனிக்கு உங்க கார்ட்டூன் படத்தக் குடுக்கணும், தெரியும். ரெண்டு வருஷமா வரஞ்சது, அதுவும் தெரியும். வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கலையா? ஒண்ணு கூடவா? யார நம்பிக் குடுக்குறதுங்கிறீங்களா? ம்... சரிதான்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு மாப்ள. தண்ணி ஊத்துனதும் மெஷின ஆன் பண்ண மாட்டோம். பம்ப மட்டும் ஒரு நாள் பூரா ஓட விட்டு, ஒவ்வொரு மூட்டுக்குக் கீழயும் டிஸ்யூ பேப்பர் வைப்போம். காஞ்சிருந்தா குடுத்தனுப்புவோம். நனஞ்சிருந்தா அந்த மூட்ட இன்னொரு அரைச் சுத்து முறுக்கணும். ரெண்டு நிமிஷ வேல.

உங்களுதுக்கும் வச்சேன், வைக்காம இருப்பனா? மறுநாள் காலைல பாத்தா எல்லாம் காஞ்சு கெடக்கு, ஒண்ணுல மட்டும் காசு அகலத்துக்கு ஈரம். நேர் கீழ உங்க டிஸ்க்கு. ஸ்பேனரக் கையில எடுத்துட்டேன். அப்பன்னு பாத்து ஆஸ்பத்திரியிலேருந்து தங்கச்சி ஃபோன். மணிக்கட்டு ஒடஞ்சு போச்சுண்ணான்னு அழுவுறா. நீங்க பக்கத்துலயே நின்னு டாக்டர்கிட்டப் பேசுறது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. பாத்ரூம்ல தண்ணி சிந்திருந்துச்சு சார், வழுக்கி விழுந்துட்டா, நான் பாத்துக்குறேன்னு.

ஸ்பேனரக் கீழ வச்சுட்டேன்.

நனஞ்ச பேப்பரத் தூக்கிக் குப்பையில போட்டேன். சாயங்காலம் நீங்க வந்தீங்க. வண்டியில தூக்கி வச்சதே நாந்தானே, பத்திரம் மாப்ளன்னு கூடச் சொன்னேன். பத்து நாள் தாங்கியிருக்கு. பரவால்ல.

கத்தாதீங்க, பக்கத்துக் கடையில ஆள் இருக்கு. டிஸ்க்கா? அது செத்துருச்சு. நீங்க கை கழுவப் போனப்பவே மாட்டிப் பாத்துட்டேன். இவ்ளோ நேரம் சும்மா பேசிக்கிட்டிருந்தேன், உங்க மூஞ்சியக் கொஞ்சம் பாக்கணும்போல இருந்துச்சு.

தங்கச்சி எங்க வீட்டுலதான் இருக்கா. அந்தப் பக்கம் வராதீங்க. அடுத்ததுக்கு ரெடிமேடே வாங்கிக்கங்க மாப்ள, உங்களுக்கு அதான் சரி.

வெள்ளிக்கிழம படக் கம்பெனிக்காரங்ககிட்ட என்ன சொல்றதா? தண்ணி சிந்திருச்சுன்னு சொல்லுங்க. டாக்டரே நம்புனாருல்ல?