தண்ணீர் எப்படி என்று கேட்டாய்

இந்த ஊரில் வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கும் முன்னே தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். நீயும் அதைத்தான் கேட்டாய் தீபா. "பி பிளாக்குக்குத் தண்ணி எங்கருந்து பெரியப்பா? மறைக்காமச் சொல்லுங்க. அம்மாவும் நானும் கடைசி மட்டும் இருக்கப்போற வீடு" என்றாய். அந்நேரம் கேட்டில் ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. நான் எழுந்து போய்விட்டேன். வெள்ளிக்கிழமை நீ அட்வான்ஸ் கொடுக்கிறாய். அதற்குள் எழுதித் தருவதுதான் முறை.

பி பிளாக் நல்ல கட்டடம். கம்பி கட்டும்போது கூடவே நின்று பார்த்தேன். மேற்குப் படுக்கையறையில் மூன்று மணிக்கு மேல் வெக்கை இருக்கும், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி மட்டும் அதற்கென்று தனியாக இல்லை. தொண்ணூற்றாறில் ஏ பிளாக் கட்டும்போது தரைக்குள் போட்ட தொட்டிதான் இரண்டுக்கும். உன் அப்பா சங்கிலி மூச்சடைத்து இறந்த தொட்டி. அதுவரைக்கும் உனக்குத் தெரியும்.

நானும் உன் அப்பாவும் கன்னிவாடியிலிருந்து ஒன்றாக வேலைக்கு வந்தவர்கள். அப்போது இந்த இடம் வெங்காய கோடவுன். சுற்றிலும் லாரி நிற்கும் பொட்டல். கோடவுனை இடித்துப் பன்னிரண்டு வீடு வரப்போகிறது என்றதும் டீக்கடைக்காரர் சிரித்தார். ஒருத்தன் தலைக்கு மேலே இன்னொருத்தன் குடியிருப்பானா என்றார்.

கட்டட வேலைக்காரன்தான் எந்த வீட்டுக்கும் முதல் குடித்தனக்காரன். தளம் போட்ட அன்றே அடியில் அடுப்பைக் கூட்டிவிடுவோம். கதவு மாட்டுகிற அன்று வெளியேறவேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பதினேழு வீட்டில் இருந்திருக்கிறேன். ஒன்றிலும் கதவைச் சாத்திப் படுத்ததில்லை. என் வீட்டுக்காரி மாயம்மாள் இறந்தது ஜன்னல் வைக்காத ஓர் அறையில். பதினாறு கும்பிடுவதற்குள் அந்த வீட்டுக்குக் கதவு வந்துவிட்டது.

ஏ பிளாக்கில் மாடிப்படிக்குக் கீழே வாட்ச்மேனுக்கு ஓர் அறை வரைபடத்திலேயே இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும், வருகிறவன் போகிறவன் பேரை நோட்டில் எழுதணும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். நாற்பத்தொரு வயதில் அறிவொளி வகுப்பில் போய் உட்கார்ந்தவன் நான். சாந்துச்சட்டி பிடித்துக் காய்த்த விரலுக்குள் பென்சில் நிற்காது. எழுத்துக்கூட்ட இரண்டு வருஷம் ஆனது. அறை உனக்குத்தான் என்று இன்ஜினியர் சொன்னார். அந்த அறைக்குப் பூச்சு வேலையை நானே செய்தேன். மூலைகளைக்கூட நூல் பிடித்துப் பூசினேன்.

வீடு புக் பண்ணியவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவார்கள். உன் அப்பா அவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி மாடி காட்டுவான். முதல் மாடி ரோஸ்மேரி டீச்சர்தான் இன்ஜினியரிடம் சொன்னது. "சங்கிலியவே வச்சிருங்க சார். பேச்சிமுத்து மூஞ்சியப் பாத்தா புள்ளைக கேட்டுக்குள்ளயே வராதுக." எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயந்திரம் கை கழுவும்போது உன் அப்பா சொன்னான். "அண்ணே, ரூமு எனக்காம்ல. அங்காளம்மாளையும் புள்ளையையும் கூட்டியாந்துருவேன். இந்த நோட்டு எழுதுறத மட்டும் நீ சொல்லிக்குடு. ஒரு வாரத்துல கத்துக்கிற மாட்டேன்?"

"கத்துக்கிறலாம்" என்றேன்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை தொட்டிக்குள், மேல்தளம் வார்க்க முட்டுக்கொடுத்திருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் ரோஸ்மேரி டீச்சர் வீட்டில் ஃபாதர் வந்து மந்திரித்துப் பால் காய்ச்சுவதாக இருந்தது. அதனால் பலகை பிரிக்கிற அன்று மத்தியானமே தண்ணீர் லாரி வந்துவிடும். தொட்டியின் வாயை மூடி மேலே செங்கல் அடுக்கி நாற்பது நாள் ஆகியிருந்தது. மழை வேறு. அடைத்த தொட்டிக்குள் ஈரப்பலகை இருந்தால் உள்ளே காற்று கெட்டுவிடும். அதனால் ஆள் இறங்கும் முன்னால் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்போம். விளக்கு அணைந்தால் ஒரு பகல் முழுக்கத் திறந்துபோட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வேப்பங்கொத்தை இறக்கி ஆட்டிவிடுவோம். இது சித்தாளுக்கும் தெரியும்.

விளக்கை இறக்குவது என் வேலை. இறக்கினேன். உன் அப்பா டீ குடிக்கப் போயிருந்தான். விளக்கு இடுப்பாழம் போனதும் சுடர் குறுகி அணைந்துவிட்டது. மேலே இழுத்தேன். செத்த நேரம் அப்படியே நின்றேன். பிறகு தீக்குச்சி உரசி விளக்கை மறுபடி ஏற்றி, தொட்டி விளிம்பில் வைத்தேன். ஏன் ஏற்றினேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. அணைந்த விளக்கைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் அப்பா வந்தான். எரிகிற விளக்கைப் பார்த்தான்.

"எறக்கிப் பாத்துட்டியாண்ணே?"

"பாத்துட்டேன்."

"அப்ப எறங்குறேன். கயித்தப் புடி. விட்டுட்டு ஓடிப்போயி ரூம்ல படுத்துக்கிறாத" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

நான் பொய் சொல்லவில்லை தீபா. இறக்கிப் பார்த்தாயா என்றுதான் கேட்டான், பார்த்தேன் என்றேன். அணைந்ததா என்று அவன் கேட்கவில்லை.

ஒரு பலகை மேலே வந்தது. இரண்டாவது வரவில்லை. நான் பேர் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டேன். ஒரு பீடி பற்றவைத்து, அது முடிந்ததும் கத்தினேன். உடனே நானும் இறங்கியிருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும் என்று போலீஸ்காரரே சொன்னார். அதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

எழுதத் தெரிந்தவன் என்று என்னைத்தான் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தற்செயலாக மூச்சுத்திணறி என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன். நான் படித்த முதல் முழுத்தாள் அது. தை பிறந்ததும் அறைக்கு வந்தேன். முதல் ராத்திரி கதவைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். பன்னிரண்டு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. காலையில் மோட்டார் போட்டதும் உட்கார முடியாது, கேட்டுக்கும் படிக்கட்டுக்குமாக நடப்பேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால் கால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

உன் படிப்பு முடிகிறவரை தீபாவளிக்குத் தீபாவளி கன்னிவாடிக்கு வந்து உனக்குத் துணி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பழக்கத்தில்தான் நீ என்னை நம்பிக் கேட்டாய். கேட்டதற்கு முழுப் பதில் சொல்லிவிட்டேன். வீடு விற்கிறவர்கள் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள்.

தொட்டியை வருஷத்துக்கு இரண்டு தடவை கழுவிச் சுண்ணாம்பு அடிக்கிறோம். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. நானே அதைத்தான் குடிக்கிறேன். யோசிக்காமல் அட்வான்ஸைக் கொடு. ஆம்பளைத் துணை இல்லாத வீடு என்று அங்காளம்மாள் கலங்குவாள். கீழே கேட்டில் பெரியப்பா இருக்கிறார் என்று அவளிடம் சொல்.