சொன்னவர் பெயரை விடாத ஜெஸீமா ரீச்சருக்கு

ஆயிரம் ஆண்டு கடந்த வரலாற்றறிஞர் இமாம் தபரீயை அழகு தமிழுக்கு அழைத்துவந்த அறிவுச்செல்வியே! கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லும் கண்ணியமே! ஈஸ்ட் ஹாம் கீழ்த்திசை நூலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் எங்களோடு தேநீரும் தேடலும் பகிர்ந்த எங்கள் ஜெஸீமா ரீச்சரே!

ஆமுல் நகரில் பிறந்து, கல்வி தேடி நாடு நாடாய் அலைந்து, பக்தாதில் அமர்ந்து, திருமறைக்கு விரிவுரையும் உலகுக்கு வரலாறும் எழுதிய அப்பேரறிஞர், ஒரு நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதினார். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று சங்கிலியாகப் பெயர்களையும் எழுதினார். அந்தப் பழக்கம் தங்களையும் தொற்றிக்கொண்டது. ரயில் ஓடவில்லை என்பதைக்கூடத் தாங்கள் சும்மா சொன்னதில்லை. "சொன்னது கல்யாணி. கல்யாணிக்குச் சொன்னது ஸ்டேஷன்காரன். நான் காணேல்லை" என்பீர்கள். கல்யாணி உட்பட நூலகத்தில் நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

பதினொரு ஆண்டு உழைத்து இமாம் தபரீயின் வாழ்வையும் பணியையும் தமிழில் எழுதி முடித்தீர்கள். இன்றைய பிரியாவிடை மேடையில் அந்த நூலைக் கையில் ஏந்த வேண்டும் என்பதே தங்கள் ஆசை. பக்கம் அமைத்தவர் நம் ராம்கி. பக்கங்கள் கூடிப்போயின என்று கவலைப்பட்ட மனிதர், "இன்னாருக்கு இன்னார் சொன்னார்" என்று வந்த வரிகளையெல்லாம், ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறதென்று எண்ணி வெட்டினார். இருவிதமாய் இருந்த செய்திகளில் நீளமானதையும் வெட்டினார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அச்சுக்குப் போகும் காலையில் தாங்கள் அதைக் கண்டீர்கள். ராம்கியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்பிடியே விட்டாத்தான் புத்தகம் விழாவுக்கு வரும், ரீச்சர்" என்றார்.

"வரும். ஆனா அது தபரீயின்ர வழி இல்லை, ராம்கி. சொன்ன ஆக்களின்ர வாயைப் பொத்திப்போட்டு நான் ஆரின்ர வரலாற்றை எழுதுறது?"

அச்சை நிறுத்தினீர்கள். நூலக இயக்குநர் கிருஷ்ணராசா கோபத்தோடு வந்து, "ஆர் செய்த வேலை இது?" என்று கேட்டார். "பிழை என்னிலதான்" என்றீர்கள். பெயர் சொல்லாமல் ஒரு செய்தி சொல்லாத தாங்கள், வாழ்வில் முதல்முறையாக ஒரு பெயரை விழுங்கினீர்கள். பக்கத்தில் நின்ற ராம்கி, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் அவரை விடவில்லை.

ஆகவே இன்று மேசையில் நூல் இல்லை. வெட்டிய வரிகள் யாவும் திரும்ப ஏறிவிட்டன. அடுத்த மாதம் வால்தம்ஸ்டோ அச்சகத்திலிருந்து முழுதாய் வரும்.

அன்பின் ஊற்றே! முழங்கால் வலி முற்றாய் நீங்கி, கண்ணொளி குன்றாமல், காலையில் அலாரம் வைக்காத நிம்மதியோடு நூறாண்டு வாழ்க! தாங்கள் இல்லாத நூலகம் எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

அன்புடன்,
நூலக ஊழியர்கள், ஈஸ்ட் ஹாம்.

தங்கள் வழியில், இம்மடலின் சங்கிலி: கேட்டவர்கள், இயக்குநர் உட்பட இச்சபையோர். வாசித்தவர் கல்யாணி. எழுதியவர் ராம்கி. ராம்கிக்குச் சொன்னவர் எவருமில்லை; வெட்டியது அவருடைய கைதான்.