ஒன்பதாவது பெட்டி

எங்கள் வீட்டில் இணையம் நன்றாக எடுக்கும் ஒரே இடம் கோழிக்கூட்டுக்குப் பக்கம்தான், ஐயா. அங்கே ஒரு கதிரையைப் போட்டு, மூன்று வருடமாக மரண அறிவித்தல் இணையத்தளம் நடத்தி வந்தேன். நாவற்குடாவில் உதயரூபன் என்றால் யாரும் காட்டுவார்கள். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் விடிந்ததும் பல் துலக்க முன் என் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். யார் போனது என்று தெரிய வேண்டுமே.

ஒரு வரிசைக்கு மூன்று பெட்டி. படம், பெயர், வயது, காலமான நாள். என் பிரவுசரில் கோவில் படிக்கட்டு மாதிரி நேராக நிற்கும். லண்டனில் இருக்கும் முதலாளியின் போனில் மட்டும் நீளமான பெயர்கள் இரண்டாக உடைந்து, பெட்டி உயர்ந்து, பக்கத்துப் பெட்டி கீழே சரிந்துவிடும். நான் இடைவெளியைக் குறைத்தால் அங்கே நேராகும், இங்கே பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும். அந்தக் கோணலைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

காத்தான்குடி நளீரும் இதே தொழில்தான். “எல்லாப் பெட்டிக்கும் ஒரே உயரம் குடு மச்சான், ஒரு வரி எழுதினாச் சரி” என்றான். அவன் சொல்லி நான் எழுதினால் நாளைக்கு ஊரெல்லாம் அவன்தான் திருத்தினான் என்று ஆகும். எழுதவில்லை.

பெயர்களைக் குறைத்தேன். குருக்கள்மடம் சீதேவிப்பிள்ளையைச் சீதேவி ஆக்கினேன். நூற்றொரு வயதுக்காரர் ஒருவரின் மூன்று இலக்கம் ஓரத்தில் இடித்தது, தொண்ணூற்றொன்பது போட்டேன். செத்தவர்களின் வீட்டுக்காரர் ஏசினார்கள். இனி ஒரு எழுத்திலும் கை வைக்கக்கூடாது என்றார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமைக்குள் பக்கம் நேராகாவிட்டால் நளீரிடம் கொடுத்துவிடுவாராம்.

அந்த ஞாயிறு எட்டுப் பெட்டிதான் இருந்தது. முதலாளியின் போனில் கடைசி வரிசை முன்பல் விழுந்த வாய் மாதிரி. அதில் இருந்த இரண்டும் நீளமான பெயர்கள், மூன்றாவதும் அதே நீளத்துக்கு வேண்டும். பின்னேரம் வரை காத்திருந்தேன். ஒருவரும் சாகவில்லை. வருத்தம் கடுமையாக இருந்தவர்கள் என்று மூன்று வீட்டுக்கு போன் எடுத்துக் கேட்டேன், மூவரும் தேறிவிட்டார்கள்.

பக்கத்து ஒழுங்கையில் வினாயகமூர்த்தி மாமா. எழுபத்தெட்டு வயது, இருதய வருத்தம். அடையாள அட்டைக்கு நான் எடுத்த நல்ல படம் ஒன்றும் இருந்தது. ஒன்பதாவது பெட்டியில் அவர் பெயர் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. முதலாளி அன்றே பாராட்டி எழுதினார். எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை ஒழுங்கை முழுக்கச் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள். கதிரைகளும் வந்து இறங்கின. மாமா அந்தக் கொடிகளுக்குக் கீழேயே நடந்து என்னிடம் வந்தார்.

“மனே, நான் செத்துப் போனனெண்டு போட்டிரிக்கயாம். என்ட புள்ள மேனுகா கட்டாரில கிடந்து அழுகிறாள். இப்பவே அத எடு.”

கணினியையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “பாருங்க மாமா, ரெண்டிலயும் ஒரே மாதிரி. மயிரிழைகூட விலகல்ல.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நியாயமான மனிதர். “ஓம், வடிவாத்தான் இரிக்கு. ஆனா நான் உசிரோட இரிக்கனே மனே?”

ஒரு நாள் தாருங்கள் என்றேன். சரி என்றார். மகளுக்கு போன் பண்ணித் தான் சாகவில்லை என்று சொன்னார். அவள் நம்பவில்லை, யாரோ அப்பாவின் குரலில் பேசுகிறார்கள் என்று இன்னும் கூட அழுதாள். அவர்கள் என் பக்கத்தை அவ்வளவு நம்புகிறார்கள், ஐயா. அந்த நம்பிக்கையை நான் எப்படிக் கெடுப்பது?

செவ்வாய் காலை அவரை வாவிக்குக் கூட்டிப்போனேன். மீன் பிடிக்க அவருக்கு விருப்பம். தோணியில் மகளைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு நீந்தத் தெரியும். ஆனால் தோணி வலிக்கும் சவள் என் கையில் இருந்தது.

மேனுகா புதன்கிழமை வந்து இறங்கினாள். கொடி, கதிரை எல்லாம் அப்படியே இருந்ததால் அவளுக்கு ஒரு அலைச்சலும் இல்லை. செத்தவீட்டில் நானும் நின்று தேநீர் கொடுத்தேன்.

நான் பொய்ச் செய்தி போட்டதாக இந்தப் பொலிஸ் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், இராசதுரை ஐயா. அதை வெட்டிவிடுங்கள். என் பக்கத்தில் பொய் இல்லை. காலமான நாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்று நிற்கிறது. செவ்வாய்க்கிழமை என்று போட்டுப் பார்த்தேன், வரி உடைந்து பெட்டி உயர்ந்தது. அதனால் விட்டுவிட்டேன். இரண்டு நாள் பிழை. அந்தப் பிழையை நான் ஒப்புக்கொள்கிறேன்.