டாக்டர் லோசலினேயின் அறையைப் பூட்ட மாட்டோம்

மேடையில் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய போதகர் அவர்களே, மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களே, தீவு தீவாகப் படகேறி வந்து, இடுப்பில் துக்கப் பாய் கட்டி இங்கே அமர்ந்திருக்கும் என் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆஸ்பத்திரியின் தலைமைச் செவிலியர் ஃபூசியின் கண்ணீர் வணக்கம்.

பேசத் தொடங்குமுன் ஒரு வார்த்தை. அண்ணன் தங்கை, அக்கா தம்பி எல்லாரும் ஒன்றாக அமர்ந்திருக்கும் சபை இது. இங்கே வயிறு, குடல் என்று பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மறைந்த நம் டாக்டர் லோசலினே ஃபாக்காதவா அவர்களைப் பற்றிப் பேச எழுந்து நின்றுகொண்டு, வயிற்றைப் பற்றிப் பேசாமல் எதைப் பேசுவேன்? கூச்சப்படுகிறவர்கள் எழுந்து போய் வெளியே நிற்கலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நிறுத்தவும் மாட்டேன்.

அவர் வருவதற்கு முன் நமக்கு என்ன இருந்தது? வருடத்துக்கு ஒரு முறை வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வரும். ஒரு வாரம் இருந்து வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பாட்டும் மாலையுமாக விமானம் ஏறிவிடும். நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ரத்த வாந்தி வருடத்துக்கு ஒரு முறையா வருகிறது? குழு போன மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் எத்தனை பேரை நாம் பாயில் சுற்றி வீட்டுக்கு அனுப்பினோம்!

அந்த நிலையை மாற்றியவர் டாக்டர் லோசலினே! பிஜியில் படித்து, நியூசிலாந்தில் பயின்று, அங்கே கொடுத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பழைய எண்டோஸ்கோப்பிக் குழாய்களோடு வந்து இறங்கினார். காசு வாங்காத ஆஸ்பத்திரியில், வருடம் முழுவதும், வாரா வாரம் பரிசோதனை என்றார். நாங்கள் சிரித்தோம். முதல் திங்கட்கிழமை எங்கள் சிரிப்புக்கு நியாயமும் கிடைத்தது. படுக்க வைத்தவர் ஒரு படகோட்டி. திரையைப் பார்த்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர். சத்தியமா.”

“அப்போ இது என்ன, வயித்துக்குள்ளயே சேப்பங்கிழங்கு பயிர் போட்டிருக்கீங்களா?”

“கொஞ்சம்தான்… நேத்து சர்ச் விருந்துல பன்றிக்கறியும் கிழங்கும் மிஞ்சிப் போச்சு. காலையில ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற மனுஷனை வெறும் வயித்தோட அனுப்பினா ஊர் சிரிக்காதான்னு என் பொண்டாட்டி அழுதா டாக்டர்!”

அன்று வந்தவர்கள் அத்தனை பேர் வயிற்றிலும் ஞாயிற்றுக்கிழமை விருந்து. வேறொருவராக இருந்தால் இந்த ஜனம் உருப்படாது என்று போயிருப்பார். இவர் பரிசோதனையை வியாழனுக்கு மாற்றினார். நோயாளியை விட்டுவிட்டு அவர் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். “உங்க வீட்டுக்காரரைப் பட்டினி போடுறது அவமானம் இல்லைம்மா. அன்னைக்கு ஒரு நாள் அதுதான் மரியாதை.” அதன்பிறகு கிழங்கு வரவில்லை. நோயைத்தான் பார்த்தோம். எத்தனையோ பேரின் புற்றை முளையிலேயே பிடித்தார். அவர்களில் பலர் இதோ, இந்தச் சபையிலேயே அமர்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? புகழ்ந்தோம்! “இந்த நாட்டிலேயே ஒரே ஒருவர்” என்று விழா மேடைகளில் சொல்லிச் சொல்லிக் கைதட்டினோம். அவர் ஒவ்வொரு முறையும், “எனக்கு மாலை வேண்டாம், இரண்டாவது ஆள் கொடுங்கள்” என்றார். மாலைதான் கொடுத்தோம். ஒரே ஒருவர் என்பது பெருமையா? அவருக்குக் காய்ச்சல் வந்தால் அறை பூட்டு. அவர் வீட்டில் துக்கம் என்றால் அறை பூட்டு. இதற்குப் பெயர் மருத்துவ சேவையா? எனக்கு இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசியில் ஓர் ஆள் கிடைத்தார். டாக்டர் மனாசே. கெட்டிக்காரர், நல்ல கை. ஆனால் யார் அவர்? நம் டாக்டரின் பெரியம்மா மகன்! தம்பி! அக்காவும் தம்பியும் ஒரே அறையில் நின்று, ஒரு நோயாளியின் குடலைப் பார்த்துப் பேசுவதா? நம் மண்ணில் நடக்குமா? எல்லாரும் கையை விரித்தோம். நம் டாக்டர் விரிக்கவில்லை. அடுத்த அறைக்குக் கம்பி இழுத்து அங்கே ஒரு திரை வைத்தார். இந்த அறையில் தம்பி, அந்த அறையில் அக்கா, நடுவாசலில் நான்.

“ஃபூசி, இடது பக்கம் திருப்பச் சொல்லு. அவசரப்படாதேன்னு சொல்லு.”

“சிஸ்டர், நான் அவசரப்படலைன்னு சொல்லுங்க.”

“பொய் சொல்றான்னு சொல்லு. திரையில எனக்குத் தெரியுது.”

ஒருவர் பேசுவது மற்றவர் காதில் நன்றாகவே விழும். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. படுத்திருந்த ஒரு நோயாளி பொறுக்காமல், “சிஸ்டர், உங்க குடும்பச் சண்டை முடிஞ்சதும் என்னைக் கொஞ்சம் பாருங்க” என்றார். அன்று மூன்று பேரும் சிரித்தோம், அவரவர் இடத்தில்.

அப்படிச் சிரித்த காலத்தில்தான் டாக்டருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. உடம்பு வற்றியது. அது என்னவென்று அவருக்குத் தெரியாதா? நான் கெஞ்சினேன்.

“டாக்டர், மனாசே இருக்கானே. ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன்.”

“வாயை மூடு ஃபூசி. அவன் என் தம்பி. என்னைத் தொட்டுப் பார்த்துட்டு அப்புறம் எப்படி வீட்டுல தலைநிமிர்ந்து உட்காருவான்?”

“அப்போ ஆக்லாந்துக்காவது போங்க.”

“போறேன். முதல்ல அவன் தனியா நிக்கட்டும். இப்ப போனா அறையைப் பூட்டிருவாங்க.”

ஒருநாள், “இனிமே நீ வாசல்ல நிக்க வேண்டாம், அவனுக்கு நான் தேவையில்லை” என்றார். அன்று மாலையே பயணச்சீட்டு எடுத்தார். உறவுகளே, அங்கே போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. ஊர் வயிற்றையெல்லாம் பார்த்தவரின் வயிற்றைப் பார்க்க இங்கே ஓர் ஆள் இல்லை! இது விதி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். இது நாம் செய்தது.

மனாசே இப்போது எங்கே? அக்காவின் உடலருகே வர முறை இல்லை. வெளியே, துக்கச் சமையல் நடக்கும் அடுப்படியில், சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். ஆக்லாந்திலிருந்து சவப்பெட்டி வந்திறங்கிய அன்று என்னிடம் சொன்னார்: “எனக்காகத்தான் காத்திருந்து செத்தாங்க சிஸ்டர். இனி அந்தக் குழாயைத் தொட மாட்டேன்.”

இன்று காலை, டாக்டரின் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் அவருடைய அப்பாவின் அக்கா, நாம் எல்லாரும் தலைவணங்கும் அத்தை வைகா, என்னை அருகே இழுத்தார்.

“ஃபூசி, எனக்கும் ரத்தம் போகுது. லோசாகிட்ட காட்டலாம்னு இருந்தேன். அவ முந்திக்கிட்டா. இப்ப யார்கிட்ட போவேன்?”

“வெளிநாட்டுக் குழு வரும் அத்தை…”

“வரட்டும், வந்து என் கல்லறையைப் பார்த்துட்டுப் போகட்டும். அடுப்படியில உட்கார்ந்திருக்கானே, அவன் எனக்குத் தம்பியா? அண்ணனா? அவனைக் கூப்பிடு. மைக்கிலேயே சொல்லு, எனக்கென்ன வெட்கம்!”

சொல்லிவிட்டேன், அத்தை.

கண்காணிப்பாளர் அவர்களே, இந்தச் சபையில் வாக்குக் கொடுங்கள். ஒரு பெண் மருத்துவர், ஓர் ஆண் மருத்துவர், இன்னும் இருவராவது இந்த வேலையைக் கற்க வேண்டும். செவிலியர்கள் சார்பில் நான் வாக்குக் கொடுக்கிறேன்: இனி இந்த ஆஸ்பத்திரியில் யாரையும் “ஒரே ஒருவர்” என்று புகழ மாட்டோம். அந்த அறையைப் பூட்ட விட மாட்டோம்.

மனாசே, ஒலிபெருக்கிச் சத்தம் அடுப்படிவரை கேட்கும் என்று எனக்குத் தெரியும். அவர் உனக்காகக் காத்திருந்து செத்தார் என்றாய். ஆமாம், உண்மைதான். நான் மறுத்துப் பேசி உன்னைத் தேற்றப் போவதில்லை. அடக்கம் முடிந்த அடுத்த வாரம் அறையைத் திறப்பேன், குழாயைக் கழுவி வைப்பேன். அத்தை மருந்து குடித்து, வயிற்றைக் காயப்போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து படுப்பார். எழுந்து வீட்டுக்குப் போங்கள், பார்க்க ஆள் இல்லை என்று அவரிடம் சொல்லும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடாதே, மகனே.