பத்து கிலோ அரிசி

இல்ல ஆண்ட்டி, நீங்க ஒக்காருங்க. நான் மாசமா இல்ல. பையன் பொறந்து பதினாலு மாசம் ஆச்சு. தாப்பா லா, இதுல மன்னிப்பு கேக்க என்ன இருக்கு. லார்க்கின் ஸ்டேஷன்ல பஸ் ஏறுனாலே யாராச்சும் எந்திரிச்சு எடம் குடுத்துர்றாங்க. போன வாரம் ஒரு தாத்தா, கையில தடி வேற, அவரு எந்திரிச்சாரு. சொல்லிப் புரிய வெக்க முடியல, ஒக்காந்துட்டேன்.

அந்தப் பொண்ணு எறங்குது பாருங்க. கொஞ்சம் நகந்துக்குங்க, நானும் ஒக்காந்துர்றேன். அந்தப் பைய தொடாதீங்க, கனம். அரிசிதான், பத்து கிலோ. ஆமா, பொந்தியான்லயும் அரிசி விக்கிறாங்க. தெரியும். பையன் அங்கதான் மாமியார்கிட்ட இருக்கான். ஒம்பது மாசமா. இன்னிக்குக் கூட்டிட்டு வரப் போறேன்.

இந்த வயிறா? கொழுப்பு இல்ல ஆண்ட்டி. நடு வயித்துல ரெண்டு பக்கமும் சதை இருக்குல்ல, புள்ள வளர வளர அது வெலகிக் குடுக்கும். பெத்தப்புறம் தானா சேந்துக்கணும். எனக்குச் சேரல. தொப்புளுக்கு மேல நாலு விரல் உள்ள போச்சு, நானே வெச்சுப் பாத்தேன்.

அத மோசமாக்குனது நான்தான். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் வந்து பெங்கோங் கட்டிவிட்டாங்க. அதான், நீட்டுத் துணிய வயித்துல சுத்திச் சுத்தி முடிச்சுப் போடுவாங்களே. நாப்பத்து நாலு நாளு போதும்னாங்க. நான் நாலு மாசம் அவுக்கல. நாத்தனார் கல்யாணம் வருது, பட்டுச் சேல கட்டணும். அந்தக் கட்டோடயே தெனம் நூறு சிட்-அப். ஃபோன்ல ஒரு வெள்ளக்காரி செஞ்சு காட்டுனா. அவளுக்குப் புள்ள இருக்கான்னு நான் கேக்கல. கல்யாணத்துல மூணு பேரு இது எத்தன மாசம்னு விசாரிச்சாங்க.

ஒடனே ஆஸ்பத்திரிக்கு எங்க போனேன்? கல்யாணம் முடிஞ்சு வேற ஒண்ணு நடந்து போச்சு, அதுக்கப்புறம்தான் போனேன். பிரேமளான்னு ஒரு பிஸியோ. சிலோன்காரங்க, சிரிக்கவே மாட்டாங்க. மொதல்ல கட்ட அவுருங்கன்னாங்க. சிட்-அப்ப மறந்துருங்கன்னாங்க. மல்லாக்கப் படுத்து, முட்டிய மடக்கி, மூச்சு விடுங்கன்னாங்க. மொத மாசம் பூரா மூச்சு விட்டேன். வேற ஒண்ணுமே இல்ல. மூச்சு விடுறதுக்கா வேலைக்கு லீவு போடுறன்னு கேட்டாரு என் வீட்டுக்காரரு. அவரு சிங்கப்பூருல வேல, விடியறதுக்குள்ள எல்லைப் பாலத்துல மோட்டார் சைக்கிளோட நிக்கணும். அவருக்கு மூச்சு விட நேரமில்ல.

அப்புறம் குதிகால தரையில தேச்சுத் தேச்சு நீட்டணும். படுக்கையிலேருந்து ஒருக்களிச்சுத்தான் எந்திரிக்கணும். அடுத்தது தூக்குறது. ஒரு கிலோ அரிசி, ரெண்டு கிலோ, அஞ்சு கிலோ. குந்தி, மாரோட அணைச்சு, மூச்ச விட்டுக்கிட்டே எந்திரிக்கணும். ரெண்டு மாசமா பத்து கிலோ. பையனும் இப்ப பத்து கிலோதான். போன புதன்கெழம பிரேமளா பாத்துட்டு, ஒரு விரல்தான் போகுது, தூக்கலாம்னாங்க. அன்னிக்கும் சிரிக்கல. நான்தான் அழுதுட்டேன்.

பையனப் பாக்காமயா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போவேன். நான் தரையில காலை நீட்டி ஒக்காந்துக்குவேன், அத்த அவனக் கொண்டாந்து மடியில வெப்பாங்க. அழுதா அவங்க தூக்கிட்டு வெளிய போவாங்க. நான் அப்படியே ஒக்காந்திருப்பேன். திரும்பி வரும்போது அவங்க தோள்ல தூங்கியிருப்பான்.

பொந்தியான் ஸ்டேஷன் வந்துருச்சு. விடுங்க ஆண்ட்டி, பைய விடுங்க. நீங்க தூக்கக்கூடாது, நான்தான் தூக்கணும். அத்த சொல்லிட்டாங்க, அவங்க கண்ணு முன்னால இத தரையிலேருந்து தூக்கி, வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் நடந்து காட்டணும். அப்புறம்தான் பையன். எனக்குக் கோவமில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் கேப்பேன். அன்னிக்கு அவங்க பக்கத்துலதானே நின்னாங்க. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம், தொட்டில்லேருந்து அவனத் தூக்கிட்டு நிமுந்தேன், நடு ஒடம்புல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிருச்சு. கை விட்டுருச்சு. சிமெண்டுத் தரை. ஸ்கேன் எடுத்தாங்க, உள்ள ஒண்ணுமில்ல. புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. அஞ்சு மாசக் கொழந்த, அவனுக்கு ஞாபகம் இருக்காதுன்றாங்க.

பயமா? இருக்கு. ஆனா அரிசிய இதுவரைக்கும் ஒரு தடவகூட கீழ போட்டதில்ல.

கொஞ்சம் வழி விடுங்க ஆண்ட்டி. மூச்சு விடணும்.