கடைசிக் குடம் யாரோடது?

மிட்டாய் டப்பா இன்னும் திறக்கலை... அது திறந்துட்டா என் பேச்சை நீங்க கேக்கப் போறதில்லை. அதுக்குள்ள ஒரு குட்டிக் கதையைச் சொல்லிப்புடுறேன். கொடி ஏத்தினோம், கை தட்டினோம், அரசியலமைப்புச் சட்டம் வந்த நாள்னு சொன்னோம். "அது என்ன சட்டம், நமக்கு எதுக்கு?"ன்னு முன்வரிசையில ஒரு அம்மா கேட்டாங்க. வக்கீலைக் கேட்டா ரெண்டு மணி நேரம் சொல்லுவார். நான் தண்ணி லாரியை வெச்சுச் சொல்றேன்.

சோலை நகர் மூணாவது தெரு. முப்பத்திரண்டு வீடு. ரெண்டு நாளைக்கு ஒருதடவை தண்ணி லாரி வரும். ஹோஸைப் பிடிச்சுக் குடத்துல தண்ணி விடணுமே, அந்த வேலையை சவுந்தரபாண்டியன்னு ஒருத்தர் எடுத்துக்கிட்டார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். யார் குடுத்தா அந்த வேலையை? யாரும் குடுக்கலை. விசில் ஊதிக்கிட்டே வந்தார், பிடிச்சார், அப்புறம் விடவே இல்லை.

யாருக்கு முதல்ல தண்ணி? அன்னன்னைக்கு அவர் வாயில வர்றதுதான் சட்டம். ஒருநாள், "நீலக் குடம் மட்டும் முன்னாடி வாங்க"ன்னார். அவர் வீட்ல ஏழு குடம்... ஏழும் நீலம். சரின்னு தெருவே கடைக்கு ஓடி நீலக் குடம் வாங்கிச்சு. அடுத்த லாரிக்கு விசில் ஊதினார். "இன்னைக்குப் பச்சைக் குடம்." பாத்தா, அவர் சம்சாரம் ஏழு பச்சைக் குடத்தோட முன்னாடி நிக்குது. அந்த வட்டாரத்துலயே குடக்கடைக்காரர் ஒருத்தர்தான் சந்தோஷமா இருந்தார்.

எதிர்வீட்டு சந்தனமாரி பாடு இன்னும் மோசம். முருங்கைக் கிளை செவுத்தைத் தாண்டி வந்துச்சுன்னு ரெண்டு வீட்டுக்கும் ஆறு வருஷமாப் பேச்சு கிடையாது. சந்தனமாரி குடத்தை நீட்டினா, ஹோஸ் தானா அடுத்த குடத்துக்குப் போயிடும். இடுப்புல கைக்குழந்தை, அந்தப் பொண்ணு அடுத்த தெருவுல போய்த் தண்ணி சுமந்துச்சு. சிரிக்கிறீங்க... இது சிரிக்கிற இடம் இல்லை.

அந்தத் தெருவுல தையல் கடை வெச்சிருக்கிற நூருன்னிசாவுக்கு இதைப் பாக்கப் பொறுக்கலை. நேரா சவுந்தரபாண்டியன்கிட்ட வந்து, தினம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போகுதேண்ணே, விதியைச் செவுத்துல பெயிண்ட்ல எழுதிப்புடலாமேன்னு கேட்டுச்சு. இவருக்கு உச்சி குளிர்ந்து போச்சு. "எழுதும்மா. ஒண்ணு. ஹோஸ் பிடிக்கிறவர் சொல்றதே சட்டம்."

நூருன்னிசா மறுபேச்சு இல்லாம எழுதிச்சு. கீழேயே ரெண்டாவது விதியைத் தானா எழுதிச்சு. ஹோஸ் பிடிக்கிற ஆளை மாசாமாசம் சீட்டுக் குலுக்கி மாத்தணும். தெருவே கை தட்டிச்சு. எல்லாரும் தட்டுறாங்களேன்னு இவரும் தட்டிட்டார்.

அங்கேயே சீட்டுக் குலுக்கினாங்க. அடுத்த மாசத்துக்கு யார் பேரு வந்துச்சுங்கிறீங்க?

சந்தனமாரி.

இவர் முகத்தைப் பாக்கணுமே... மெதுவா நூருன்னிசா பக்கத்துல போனார்.

"அந்த முதல் விதி... பெயிண்ட் காஞ்சிருச்சாம்மா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப அழிச்சுடு. வேற சொல்றேன். ஹோஸ் பிடிக்கிறவங்க குடம் கடைசிக் குடம். பேச்சுவார்த்தை இல்லைன்னு எந்த வீட்டுக்கும் தண்ணியை நிறுத்தக் கூடாது. இதை மாத்தணும்னா இருபத்திநாலு வீடு கை தூக்கணும். பெரிசா எழுதும்மா, கண்ணாடி போடாமலே தெரியணும்."

யாருக்குப் பயந்து எழுதினார்? சந்தனமாரிக்கு. ஆனா ஒண்ணை மறந்துட்டார். மாசம் முடிய இன்னும் ரெண்டு லாரி பாக்கி இருக்கு. அதுவரைக்கும் ஹோஸ் யார் கையில?

மறுநாள் லாரி வந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து அரை லாரித் தண்ணிதான். அவர் சம்சாரம் ஏழு குடத்தோட முன்னாடி வந்துச்சு. இவர் செவுத்தைக் காட்டினார். அந்தம்மா இவரைப் பாத்த பார்வை இருக்கே... அதுலயே லாரித் தண்ணி கொதிச்சிருக்கும்.

அப்பத்தான் முதல்தடவையா அந்த மனுஷன் வாயில நியாயம் வந்துச்சு. "வீட்டுக்கு ரெண்டு குடம்தான். சிந்தாமப் பிடிங்க, எல்லாருக்கும் வரணும்." சந்தனமாரி குடத்தை நீட்டுச்சு. ஹோஸ் நகரலை. கழுத்து வரைக்கும் நிறைஞ்சது. முப்பத்தோரு வீடும் பிடிச்ச பிறகு, இவர் வீட்டுக்கு ஒண்ணேமுக்கால் குடம் கிடைச்சது.

ஒரே ராத்திரியில நல்லவராயிட்டாரா? அதெல்லாம் இல்லை. ஆள் அதே ஆள், விசிலும் அதே விசில். அவர் குடம் இருந்த இடம்தான் மாறிச்சு. கடைசிக் குடத்துக்குத் தண்ணி வரணும்னா, முன்னாடி இருக்கிற எல்லாக் குடத்துக்கும் அளந்து ஊத்தித்தானே ஆகணும்?

அம்மா, உங்க கேள்விக்கு வர்றேன். அரசியலமைப்புச் சட்டம்னா, நாட்டுக்குன்னு செவுத்துல எழுதி வெச்ச எழுத்து. ஹோஸ் பிடிக்கிற கையைப் பிடிச்சு வைக்கிற எழுத்து. நமக்கு வேண்டப்பட்டவர் ஹோஸ் பிடிக்கிறப்ப, வெட்டியா இது எதுக்குன்னு தோணும். வேண்டாதவர் கைக்குப் போனா... தொண்டை காயும் பாருங்க, அப்பத் தெரியும் அதோட அருமை. யாராவது வந்து, "நான்தான் நல்லவனாச்சே, செவுத்தை அழிச்சுடலாம்"னு சொன்னா, அவரைத் தாராளமா நம்புங்க. ஆனா செவுத்துல கை வைக்க விடுறதுக்கு முன்னாடி, அவர் குடம் வரிசையில எங்கே நிக்குதுன்னு ஒருதடவை எட்டிப் பாத்துக்கங்க.

சரி, மிட்டாய் டப்பாவைத் திறங்க. குடுக்கிறவர் கடைசியா எடுத்துக்கட்டும்.