தொண்டையில் சில்லென்று இறங்கும் மாத்திரை

ரகுபதி: அந்த மாத்திரை மச்சினிச்சிக்குன்னு சொல்றேன்ல… எத்தினி தபாதான் கேப்பே, பாப்பா? பஸ்ல ஏறுனா அதுக்கு வாந்தி வரும். திருப்பதி போவுது.

ஷெர்லின்: மாசாமாசமா, அண்ணே?

ரகுபதி: பக்தி ஜாஸ்தி.

ஷெர்லின்: காசிமேட்டுல மீன்பிடி போட்டு ஓட்டுற அண்ணமாரு அத்தன பேரையும் கேட்டுட்டுத்தான் வாரேன். எல்லார் மச்சினிச்சியும் திருப்பதிக்குத்தான் போறாங்களாம். அதுவும் மீன்பிடித் தடைக்காலம் முடியுற வாரம் பாத்து மொத்தமா கெளம்புறாங்க.

ரகுபதி: அங்க அப்பத்தான் கூட்டம் கம்மி.

கன்னியம்மா: யோவ், எனுக்குத் தங்கச்சியே கெடையாதே!

ரகுபதி: நீ இன்னாத்துக்கு மே குறுக்க வர? டீ போடப் போனவ டீயப் போடு.

ஷெர்லின்: பாத்தீங்களா…

ரகுபதி: இரு, இரு. இது இன்னா போலீஸ் கேஸா? கல்மண்டபத்துல உங்கப்பா தவசிமுத்து அண்ணாச்சி மருந்துக் கடையில நான் மாத்திரை வாங்குனா, அது உன் கம்ப்யூட்டர்ல எப்பிடிக் குந்துச்சி?

ஷெர்லின்: தள்ளுபடி கெடைக்கும்னு போன் நம்பர் சொல்லுவீங்கல்ல? பில்லுல இருக்கும். ஆனா எங்க ஆராய்ச்சிக்குப் பேரு, நம்பர் எதுவும் போகாது. கடை பில்லு, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாத்தையும் சேத்துவெச்சு, ஜனங்க எந்த மருந்த எதுக்குப் போடுறாங்க, அதனால என்ன தொந்தரவு வருதுன்னு பாக்குறோம். நேர்ல பேசச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டவங்க பில்ல மட்டும் பேரோட எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்கு வாரோம்.

ரகுபதி: நான் எப்போ போட்டேன்?

ஷெர்லின்: போன வாரம். இலவசமா பிரஷர் பாக்குறோம்னு சொன்னதும் மொத ஆளா நீங்கதான் போட்டீங்க.

ரகுபதி: ஃப்ரீன்னா நான் போட்டையே எழுதிக் குடுத்துடுவேன்… அதான் என் வியாதி. அதுக்கு மாத்திரை கீதா?

ஷெர்லின்: அண்ணே, வெளையாட்டு இல்ல. இந்த மாத்திரை தூக்கத்தக் கொண்டுவரும். பஸ்ல தூங்குனா திருப்பதி வந்ததும் எழுப்பிவிடுவாங்க. போட்டு டிரைவர் தூங்குனா? நாளைக்கு தடை முடியுது. உங்கள நம்பி மறுபடியும் ஏழெட்டுப் பேரு ஏறப்போறாங்க.

ரகுபதி: … கன்னி, கதவச் சாத்து.

கன்னியம்மா: சாத்திட்டேன்.

ரகுபதி: ஜன்னலு?

கன்னியம்மா: அதையும்தான்யா. ஊரு சொத்த அடிச்சிட்டு வந்தவன் மாதிரி…

ரகுபதி: எனுக்குத்தான். போதுமா? எங்கப்பன், தாத்தன்லாம் கட்டுமரத்துல போனவங்க. எனுக்கு ரெண்டு அலை சேந்தாப்ல வந்தா கொடலு வாய்க்கு வந்துடும். நான் மீனுக்கு வலை போட்டதவிட சோறு போட்டதுதான் ஜாஸ்தி.

ஷெர்லின்: நான் சிரிக்கலண்ணே…

ரகுபதி: சிரிச்சிக்கோ, பரவால்ல. ஆனா ஆர்பருல தெரிஞ்சா, ஒருத்தனும் என் போட்டுல கால் வெக்க மாட்டான். எங்கிட்ட வலை இழுக்கறானே கிருஷ்ணப்பன், அவன் ஒருத்தன் போதும். எண்ணூர் வரிக்கும் மைக் வெச்சி சொல்லிகினு போவான்.

ஷெர்லின்: என் வாயில இருந்து வராது. சரி, கேள்விக்கு வருவோம். மாத்திரை போட்டா தூக்கம் வருதா?

ரகுபதி: சுத்தமா வராது.

ஷெர்லின்: கண்ணு சொக்குறது… தல கிர்ருங்கிறது?

ரகுபதி: முன்னாடி வந்துது. போன வருசம் ஒரு தபா எண்ணூராண்ட கண்ணு சொக்கிப் போயி, நங்கூரம் போட்டுகினு நின்ன கப்பலுக்கு முத்தம் குடுக்கப் பாத்தேன். கிருஷ்ணப்பன் பாய்ஞ்சி ஸ்டீரிங்கத் திருப்பனான்… தப்பிச்சோம். அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல. கம்பெனிக்காரன் மருந்த மாத்திட்டான் போல. இப்பல்லாம் கசக்கறதே இல்ல. தொண்டையில சில்லுனு எறங்குது.

ஷெர்லின்: சில்லுனா?

ரகுபதி: லேசா இனிப்பு வேற. வாந்தியும் நின்னுச்சி, தூக்கமும் இல்ல. ஃபஸ்ட் கிளாஸ் மாத்திரை.

ஷெர்லின்: அட்டையக் காட்டுங்க, பாப்போம்.

ரகுபதி: அட்டையோட எடுத்துகினு போனா கிருஷ்ணப்பன் பாத்துட மாட்டான்? கன்னிதான் பிரிச்சி என் சுண்ணாம்பு டப்பியில போட்டுக் குடுப்பா. இருட்டுல, வெத்தல போடற மாதிரி வாயில போட்டு ஒரு மடக்குத் தண்ணி. முடிஞ்சுது மேட்டரு.

கன்னியம்மா: டீ ஆறுது…

ஷெர்லின்: ஒரு நிமிசம்க்கா. போட்டு ஓட்டுறவங்கள்ல உண்மைய ஒத்துக்கிட்டவர் நீங்க ஒருத்தர்தான், அண்ணே. அப்படியே எழுதிக்கிடுறேன். ‘போட்டு ஓட்டும்போது மாத்திரை போட்டாலும் தூக்கம் வரல.’ இதப் பாத்தா மத்த டிரைவருங்களுக்கும் டாக்டருங்க தைரியமா குடுப்பாங்க…

கன்னியம்மா: எழுதாத!

ஷெர்லின்: அக்கா?

கன்னியம்மா: எழுதாத கண்ணு. இந்தாளு பேச்ச நம்பி வேற எவனாவது முழுங்கிட்டு ஸ்டீரிங் புடிச்சி… அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பாள்ல? அது மாத்திரையே இல்ல. சூட மிட்டாய்.

ரகுபதி: இன்னாது?

கன்னியம்மா: பொட்டிக்கடையில விக்கறது. சின்ன சைஸு.

ரகுபதி: அடிப்பாவி! ஒரு வருசமா மிட்டாய் துன்னுகினா போட்டு ஓட்னேன்? அப்போ வாந்தி எப்பிடி நின்னுச்சி?

ஷெர்லின்: மாத்திரைன்னு நம்பிப் போட்டீங்கல்ல… சில பேருக்கு அந்த நம்பிக்கையே வேலை செய்யும்ணே.

ரகுபதி: நம்பிக்கை இனிக்கும்னு எவனும் எங்கிட்ட சொல்லலியே.

கன்னியம்மா: கப்பலுக்கு முத்தம் குடுத்த கதைய நீ சிரிச்சிகினேதான் சொன்ன. அன்னிக்கு எனுக்கு சோறு எறங்கல. நிறுத்துயான்னா நிறுத்துவியா நீ? வீம்பு புடிச்ச ஆளு… அதான்.

ரகுபதி: ம்… சரி, வுடு. பாப்பா, மிட்டாயின்னே எழுதிக்கோ. பேரு மட்டும் வேணாம். வாந்தின்னாகூட மானம் தாங்கும்… மிட்டாயி தாங்காது.

ஷெர்லின்: எங்க கம்ப்யூட்டர்ல மிட்டாய்க்கு எடமே இல்லண்ணே. ஆமா… அக்கா, ஒண்ணு மட்டும் இடிக்குதே. அண்ணன் மாத்திரை வாங்குனதுக்கு மாசாமாசம் பில்லு இருக்கு. அந்த நெச மாத்திரையெல்லாம் எங்க போச்சு?

ரகுபதி: அதானே! கடல்ல கொட்டிட்டியா? மீனுக்கு வாந்தி வரக்கூடாதுன்னு?

கன்னியம்மா: மொதல்ல டீயக் குடிங்க.

ஷெர்லின்: அக்கா…

கன்னியம்மா: இந்தாளு கடல்ல கீற ராத்திரியெல்லாம் எனுக்கு இந்த வூடே ஆடும், கண்ணு. அந்த மாத்திரையில ஒண்ணு போட்டுகினாத்தான் கண்ண மூட முடியும்… தூக்கம் வருதான்னு கேட்டல்ல? வருதுன்னு எழுதிக்கோ. நல்லா வருது.